கலெக்டர் கையில் இருந்த நீதி

2025 ஜூலையில் மதுரைக்குத் தெற்கே உள்ள கப்பலூர் சுங்கச்சாவடியின் பெயர் உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றில் இடம்பெற்றது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ரூ.276 கோடி கட்டண பாக்கி வைத்திருந்ததால், கப்பலூர் உட்பட 4 சுங்கச்சாவடிகளில் அரசுப் பேருந்துகளை அனுமதிக்கக் கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். அரசு அவகாசம் கேட்ட பின் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. ஆனாலும், பாக்கியைக் கட்டச் சொல்லி அரசையே அதட்டிக் கேட்க அரசுக்கு வெளியே ஓர் இடம் இருப்பது சாதாரண விஷயமல்ல. கப்பலூர் இருக்கும் இதே திருமங்கலம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் வரி வசூலித்தவரே குற்றத்தையும் விசாரித்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் முதலில் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துத்தான் வைத்தார்கள். வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் 1793இல் செய்ததைப் பின்பற்றி, 1802இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்கள் வந்தன. வசூல் கலெக்டரிடமும் வழக்கு நீதிபதியிடமும் இருந்தன. இதை மாற்றியவர் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ. நீதிமன்றம் குடியானவனுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது, வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது என்பது அவர் வாதம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் 1816இன் சட்டங்கள் அதற்குக் கண்ட மருந்து நோயைவிடக் கொடியது. போலீஸும் மாஜிஸ்திரேட் அதிகாரமும் கலெக்டரிடம் போயின. அவருக்குக் கீழே தாசில்தாரும் வரி, போலீஸ் இரண்டையும் பார்த்தார்.

விளைவு என்ன என்பதை அரசின் சொந்த அறிக்கையே சொல்கிறது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் தன் அறிக்கையைத் தந்தது. வரி பாக்கிக்காரரின் விரல்களைக் கிட்டிக் கட்டைகளுக்கு இடையே வைத்து நெரித்தார்கள். தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி, அந்த 'அண்ணாந்தாள்' நிலையிலேயே வெயிலில் விட்டார்கள். அடித்த சேவகன் தாசில்தாரின் ஆள். புகாரைக் கேட்க வேண்டியவரும் அதே தாசில்தார். குடியானவன் யாரிடம் போய் முறையிடுவான்? வரித்துறையையும் போலீஸையும் பிரிக்க வேண்டும் என்று குழு சொன்னது. 1859இல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது.

பாதிதான் பிரிந்தது. கலெக்டரே ஜில்லா மாஜிஸ்திரேட்டாக நீடித்தார். அதை மாற்றக் கோரி காங்கிரஸ் 1880களிலிருந்தே தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், மூன்றாண்டுக்குள் நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்ற பிரிவை அம்பேத்கர் கொண்டுவந்தார். மறுநாளே அந்தக் காலக்கெடு கைவிடப்பட்டது. 50ஆம் பிரிவாக இன்று இருப்பது கெடு இல்லாத கட்டளை. சென்னை மாகாணம் அதற்குக் காத்திருக்கவில்லை. 1949இலேயே அரசாணை வழியாகப் பிரிவினையைத் தொடங்கியது. நாடு முழுவதற்குமான குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

அப்போதும் ஒரு சன்னல் திறந்தே இருந்தது. ஒருவரிடம் நன்னடத்தைக்கு உறுதியாகப் பிணைப் பத்திரம் கேட்கும் அதிகாரம் ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட்டுகளிடம் இருந்தது. 2013, 2014 அரசாணைகள் வழியாக அதைத் தமிழக அரசு போலீஸ் துணை கமிஷனர்களுக்கும் கொடுத்தது. புகாரை எழுதும் துறையே பிணை கேட்கலாம் என்றானது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு, இது அதிகாரப் பிரிவினைக்கு முரணானது என்று அந்த அரசாணைகளை ரத்து செய்தது.

1855இன் அறிக்கையைப் படித்த எவருக்கும் அந்தத் தீர்ப்பு சரியென்றே படும். ஆனால் 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 15ஆம் பிரிவு, எஸ்.பி. நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரியைச் சிறப்பு நிர்வாக மாஜிஸ்திரேட்டாக நியமிக்க மாநில அரசுகளுக்கு மீண்டும் இடம் தருகிறது. தமிழக அரசு அந்த அதிகாரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும்.