நோவும் மருந்தும்

உங்கள் வீட்டு அடுக்களையில் கசகசா இருக்கும். அன்னையர் அதைத் தேங்காயோடு அரைத்துக் குழம்பில் சேர்ப்பர். பண்டிகை நாளில் பாயசத்திலும் சேர்ப்பர். அந்த விதை விளையும் செடியின் பசுங்காயை மெல்லக் கீறினால் பால் வடியும். அப்பால் காற்றில் உலர்ந்து பழுப்பு நிறப் பிசினாகும். அதுவே அபின். பசிக்கு உதவும் விதையும் உணர்வை மயக்கும் பிசினும் ஒரே காயிலிருந்தே கிடைக்கின்றன. இந்தப் பிசினோடு மனிதன் நடத்திவரும் நெடுநாள் உறவின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதில் என் சொந்தக் கதையும் சிறிது கலந்திருக்கிறது.

சென்ற ஆண்டு எனக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. தேய்ந்த மூட்டை நீக்கி, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட புதிய மூட்டைப் பொருத்தினார்கள். வீடு திரும்பும்போது மருத்துவர் ஒரு தாள் கொடுத்தார். முன்பக்கத்தில், வலி நீக்கும் மருந்துகளை எந்தெந்த வேளையில் உண்பது என்று எழுதியிருந்தது. டிராமடால் என்னும் மாத்திரையும் அவற்றுள் ஒன்று. நாலாவது வாரம் வலி தணிந்தது. "இனி மருந்து எதற்கு?" என்று ஒரே நாளில் டிராமடாலை நிறுத்திவிட்டேன். மனத்தில் ஒரு பெருமிதமும் இருந்தது.

அப்பெருமிதம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. வியர்த்துக் கொட்டியது; மயிர்க்கூச்செறிந்தது; கொட்டாவி ஓயவில்லை; மூக்கு ஒழுகியது; வயிறு கலங்கியது; இரவு முழுதும் உறக்கமின்றிப் புரண்டேன். புதிய மூட்டில் சீழ் வைத்துவிட்டதோ என்று வீட்டார் கலங்கினர். தொலைபேசியில் கேட்ட மருத்துவர் அமைதியாக, "ஐயா, நான் கொடுத்த தாளின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?" என்றார். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மருந்தைப் படிப்படியாக எப்படி விடுவது என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வொரு தேர்விலும், "வினாத்தாளைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்திலும் வினா உண்டு" என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்! அந்த வெட்கத்தோடுதான் இம்மருந்துகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்தபின் ஒன்று விளங்கிற்று. தாளின் பின்பக்கத்தைப் படிக்காமல் விட்டவன் நான் ஒருவன் மட்டுமல்லன். உலகமே பலமுறை அப்படித்தான் செய்திருக்கிறது.

1804ஆம் ஆண்டை ஒட்டி, ஜெர்மனியில் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராக இருந்த பிரீட்ரிச் செர்ட்யூர்னர் என்னும் இளைஞர் அபினை ஆராய்ந்தார். அபின் ஒருநாள் மிகுதியாக வேலை செய்யும். ஒருநாள் குறைவாக வேலை செய்யும். அதனுள் உண்மையில் வேலை செய்யும் பொருள் எது என்று தேடி, அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமாகிய மார்பியஸின் பெயரைத் தழுவி அதற்குப் பெயரும் இட்டார். அதுவே மார்பின். பின்னர் அவரும் சில இளைஞர்களும் அதைத் தாமே உண்டு சோதித்தனர். அளவு மிஞ்சியதால் நஞ்சுண்டவர்போல் மயங்கி, கடுங்காடியைக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பினர். தம் ஆராய்ச்சியை 1817இல் விரிவாக வெளியிட்டபோது இச்சோதனையையும் அவர் மறைக்காமல் எழுதினார். முதன்முதலில் இம்மருந்தைக் கண்டவரே அதன் பின்பக்கத்தையும் எழுதி வைத்தார் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

பின்வந்தோர் அதைப் படித்தனரா? 1853இல் தோலுக்குள் மருந்து செலுத்தும் ஊசி வந்தது. ஊசி வழியே செலுத்தினால் மார்பின் பழக்கமாகாது என்று சிலர் நம்பினர். ஆயின் பழக்கம் விரைவிலேயே ஏற்பட்டது. 1874இல் லண்டனில் ஆல்டர் ரைட் என்னும் இரசாயன அறிஞர் மார்பினிலிருந்து ஒரு புதிய பொருளை உண்டாக்கினார். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதனை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. மார்பினைப் போல் இது அடிமையாக்காது என்று எண்ணினர். அதற்கு இட்ட பெயர் ஹெராயின்! பதினைந்தே ஆண்டுகளில், 1913இல், அந்நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதே நிறுவனம் 1899இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்பிரின் இன்றும் பயன்படுகிறது.

கற்றறிந்த மருத்துவரும் இதற்கு விலக்கல்லர். அறுவைக் கூடத்தில் ரப்பர் கையுறையை வழக்கத்திற்குக் கொண்டுவந்த அமெரிக்கப் பேரறிஞர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1884இல் கொக்கேனைத் தம் உடலிலேயே சோதித்து அதற்கு அடிமையானார். அதிலிருந்து மீள மார்பினை நாடினார். பின் மார்பினை விட முடியவில்லை. 1922இல் அவர் மறைந்தார். அவருடைய நண்பரும் புகழ்பெற்ற மருத்துவருமான வில்லியம் ஆஸ்லர் மறைவாக எழுதிவைத்த குறிப்பு 1969இல் வெளிவந்தபோதுதான் இச்செய்தி உலகுக்குத் தெரிந்தது. ஆகவே, மருந்தை விட இயலாது தவிப்பவரை மனவுறுதி அற்றவர் என்று எளிதில் இகழ்தல் கூடாது.

நம் நாட்டின் கதை வேறு. கங்கைக் கரையிலுள்ள காசீப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1820இல் அபின் தொழிற்சாலை நிறுவினர். அங்கிருந்து கல்கத்தா வழியாகச் சீனத்திற்குப் பெட்டி பெட்டியாக அபின் சென்றது. அதன் பொருட்டு இரண்டு போர்களே மூண்டன. அத்தொழிற்சாலை இன்று நம் அரசாங்கத்தின் கையில் மருந்துக்குரிய பொருள்களைச் செய்கிறது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் அபின் செடியைப் பயிரிடுகின்றனர்.

ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மிகக் கடுமையாக இருந்தது. தண்டனைக்கு அஞ்சி மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மார்பினைக் கைவிட்டன. அடுத்த 12 ஆண்டுகளில் மருத்துவத்திற்கு அது பயன்பட்ட அளவு நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அபின் விளையும் நாட்டிலேயே புற்றுநோயாளர் வலியால் துடித்தனர். கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் இராஜகோபாலும் அவர் தோழர்களும் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் போன்றவை இதை எடுத்துச் சொல்லிப் போராடின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. முன்னோர் தாளின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. இவர்களோ பின்பக்கத்தை மட்டும் படித்து முன்பக்கத்தை மறந்தனர். துணிச்சலைப் போலவே அச்சமும் தீங்கு செய்யும் என்பதற்கு இது சான்று.

இனி மூட்டு அறுவைக்கு வருவோம். 1891இல் ஜெர்மனியின் தெமிஸ்டக்ளிஸ் குளூக், யானைத் தந்தத்தால் செய்த செயற்கை மூட்டுகளைப் பற்றி எழுதினார். ஆனால் நிலைத்த வெற்றி 1962இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி என்பவருக்கே கிடைத்தது. அவர் முதலில் டெஃப்லான் என்னும் பொருளால் இடுப்பு மூட்டுக் கிண்ணம் செய்தார். அது விரைவில் தேய்ந்து நோயாளிகளை வருத்தியது. தம் தவற்றை ஒப்புக்கொண்டு, பாலிஎத்திலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கை மேற்கொண்டார். நிலைத்த வெற்றி தந்த முழங்கால் மூட்டு அதன் பின்னர் வந்தது. நம் நாட்டில் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு அரசாங்கம் வரம்பு கட்டியது. ஏறத்தாழ ரூ. 1,58,000 விலையிருந்த வழக்கமான மூட்டு, வரி நீங்கலாக ரூ. 54,720 ஆயிற்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இவ்வறுவை நடைபெறுகிறது. எனவே களத்துமேட்டில் உழைத்துத் தேய்ந்த கால்களுக்கும் இன்று புதிய மூட்டு கிடைக்கிறது. அதனோடு வலி மருந்தும் வீட்டுக்கு வருகிறது.

அதனால்தான் அமெரிக்காவில் நிகழ்ந்ததை நாமும் அறிய வேண்டும். 1980இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளிவந்தது. மருத்துவமனையில் இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேருள் நால்வர் மட்டுமே புதிதாக அடிமையாயினர் என்று அது கூறிற்று. மருத்துவர் கண்காணிப்பில், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர்களைப் பற்றிய செய்தி அது. அதைப் பிற்காலத்தார், வீட்டில் மாதக்கணக்காக உண்பவர்க்கும் தீங்கில்லை என்பதற்குச் சான்றாக நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் எடுத்துக் காட்டினர். 1996இல் ஆக்சிகோடோன் கலந்த புதிய மாத்திரை ஒன்று பெரும் விளம்பரத்தோடு வந்தது. தவறாக விளம்பரம் செய்ததற்காக அதன் நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பழக்கம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, 2021ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகைப் பொருள்களால் அந்நாட்டில் 80,000 பேருக்கு மேல் மாண்டனர். ஐந்து வாக்கியங்களை அரைகுறையாகப் படித்ததும் அப்பேரழிவிற்கு ஒரு காரணம். இந்தியாவில் டிராமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்பட்டது.

இம்மருந்தை விடும்போது உடல் ஏன் துன்புறுகிறது? 1973இல் அமெரிக்காவில் கேண்டிஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் முதலியோர் நரம்பணுக்களில் இம்மருந்து சென்று பொருந்தும் இடங்களைக் கண்டனர். 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவரும், வலியைத் தணிக்கும் பொருளை நம் மூளையே சுரக்கிறது எனக் காட்டினர். வெளியிலிருந்து மருந்து நாள்தோறும் வந்தால் நரம்புகள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. திடீரென்று மருந்து நின்றால், இதுவரை அடங்கியிருந்தவை ஒருசேரத் துள்ளுகின்றன. இது உடற்பழக்கம், சில வாரம் உண்ட எவருக்கும் வரக்கூடும். தீங்கென்று அறிந்தும் மேலும் மேலும் நாடும் அடிமைத்தனம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி நாணமுற்று மறைப்பதால்தான் பலர் துன்புறுகின்றனர்.

என் மருத்துவர் டிராமடாலை மீண்டும் தொடங்கச் செய்து, நாளொன்றுக்கு மூன்று மாத்திரை, சில நாள் கழித்து இரண்டு, பின் இரவில் மட்டும் ஒன்று என்று குறைத்தார். ஒரு படியில் உடல் அமைதி கண்ட பின்னரே அடுத்த படி. அந்நாட்களில் பாரசிட்டமால், பனிக்கட்டி ஒத்தடம், முழங்கால் பயிற்சி ஆகியன துணைநின்றன. இரண்டு வாரத்தில் இன்னலின்றி விட்டேன். அளவும் காலமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அவற்றை மருத்துவரே கணிக்க வேண்டும். ஆயினும் சில விதிகள் எல்லார்க்கும் பொது. இம்மருந்தோடு மதுவும் தூக்க மாத்திரையும் சேரலாகாது, மூச்சே நின்றுவிடக்கூடும். விட்ட பின் வலி வந்தால், பழைய அளவை ஒரேயடியாக உண்ணலாகாது. உடல் அதைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கும். டிராமடாலை விடுகிறோம் என்று, மருத்துவர் கொடுத்த இரத்தம் உறையாமைக்கான மருந்தையும் சேர்த்து நிறுத்தலாகாது. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி நீண்ட நாள் உண்டால் சிறுநீரகமும் இரைப்பையும் கெடும். காய்ச்சலோ, மூட்டில் சிவப்போ, நீர்க்கசிவோ கண்டால் மருந்தை விட்டதன் விளைவு என்று எண்ணி வாளாவிருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்க. எஞ்சிய மாத்திரையை அடுத்த வீட்டாருக்குக் கொடுத்தல் உதவியன்று.

எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகே சேர்வராயன் மலை நிற்கிறது. மலை ஏறும்போது மூச்சு வாங்கும்; இறங்கும்போது முழங்கால் வலிக்கும் என்பதை இங்குள்ள எவரும் அறிவர். ஆகவே இறங்குவோர் ஓடுவதில்லை. கோலூன்றி, அடிமேல் அடி வைத்து இறங்குவர். நோயின் உச்சியில் நம்மைத் தாங்கிய மருந்திலிருந்தும் அவ்வாறே இறங்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் தாத்தாவோ பாட்டியோ அறுவை முடிந்து திரும்பலாம். அவர்களுக்குக் கண் மங்கலாக இருக்கும். எழுத்தும் சிறிதாக இருக்கும். மருந்துச் சீட்டை நீங்கள் வாங்கி உரக்கப் படித்துக் காட்டுங்கள். முன்பக்கம் முடிந்ததும், மறவாமல் திருப்பிப் பின்பக்கத்தையும் படியுங்கள்.