நின்ற கல்லும் சுழன்ற கல்லும்

வரலாறு என்றவுடன் முடியுடை வேந்தரும் அவர்தம் போர்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. அடுக்களைக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் இல்லங்களில், வார இறுதி தோறும் உறுமிக்கொண்டு சுழலும் மாவரைக்கும் இயந்திரம் அத்தகையதொரு வரலாற்றை உடையது. ‘கிரைண்டர்’ என்று நாம் எளிதாக அழைக்கும் இப்பொருள் மேனாட்டார் நமக்கு அளித்ததன்று. நம்மவர் தேவையை நம்மவரே உணர்ந்து, தம் பட்டறைகளிலேயே ஆக்கிக்கொண்ட கருவி அது. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கல்லும் கையும்

தமிழர் இல்லத்தில் அரைப்பதற்கெனப் பலவகைக் கற்கள் இருந்தன. மசாலைக்கு அம்மி; தானியத்தை உடைக்கவும் மாவாக்கவும் திருகை; நெல் குத்த உரலும் உலக்கையும்; ஊறிய அரிசியையும் உளுந்தையும் அரைக்க ஆட்டுக்கல். ஒவ்வொன்றும் வெவ்வேறு அசைவால் இயங்குவது. அம்மியில் குழவி முன்னும் பின்னும் செல்லும். திருகையில் மேற்கல் சுழலும். உலக்கை மேலும் கீழும் இயங்கும். ஆட்டுக்கல்லிலோ, குழிந்த கல் அசையாது நிற்க, அதனுள் குழவி வட்டமிடும். ஒரு கை குழவியைச் சுழற்றும். மறு கை விளிம்பிற்கு ஏறும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். இரு கைகளும் ஒன்றையொன்று தொடாமல் இயங்கும் அத்திறன் பழக்கத்தால் மட்டுமே வருவது.

கல்லில் அரைத்த மாவின் சுவையைப் புகழாதவர் இல்லை. ஆனால், அச்சுவைக்கு விலை கொடுத்தவை பெண்களின் தோள்கள் என்பதைப் புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் மறந்தனர். பெரிய குடும்பமொன்றிற்கு மறுநாள் இட்டலிக்கு வேண்டிய மாவை அரைத்து முடிப்பதற்குள் மாலைப்பொழுது கழிந்துவிடும். கல் தேய்ந்து வழுவழுப்பானால் அரைபடாது. கல் கொத்துபவர் தெருவில் குரல் கொடுத்து வரும் நாளை எதிர்நோக்கி இருத்தல் வேண்டும். உளி பட்டுச் சொரசொரப்பான பின்னரே கல் மீண்டும் உயிர்பெறும்.

கோவை தந்த கொடை

இவ்வுழைப்பை மின்விசையிடம் ஒப்படைக்கும் முயற்சி கோயம்புத்தூரில் கனிந்தது வியப்பிற்குரியதன்று. 1888-ஆம் ஆண்டிலேயே அங்கு நூற்பாலை தோன்றிவிட்டது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் அந்நகரை எட்டியது. மழை குறைந்த அவ்வட்டாரத்தில் ஆழ்கிணறுகளிலிருந்து நீரிறைக்கப் பம்புகள் தேவைப்பட்டன; பம்புகளை இயக்க மோட்டார்கள் தேவைப்பட்டன. இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவது, 1937-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் ஆகியோரின் முயற்சியால் அங்கு வெளிவந்தது. விலைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, மீண்டும் பூட்டியே இயந்திர அறிவு பெற்றவர் நாயுடு. பிரித்துப் பார்த்துக் கற்கும் அவ்வியல்பு அந்நகரின் பட்டறைகள் பலவற்றிற்கும் பொதுவாயிற்று. வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் பெருகின. அடுத்துள்ள ஊத்துக்குளிப் பகுதியில் அரைப்பதற்கேற்ற கருங்கல் கிடைத்தது. மோட்டாரும் வார்ப்பும் கல்லும் கைத்திறனும் ஒருசேர வாய்த்த அவ்வூரில், 1955-ஆம் ஆண்டில் பி. சபாபதி என்பார் மின்விசையால் இயங்கும் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார்.

தலைகீழாக்கிய சிந்தனை

இவ்வியந்திரத்தின் நுட்பம் எதில் அடங்கியுள்ளது? ஆட்டுக்கல்லில் மோட்டாரைப் பொருத்த முற்படும் எவர்க்கும் முதலில் தோன்றுவது குழவியைச் சுழற்ற வேண்டும் என்பதே. ஆனால், கையால் ஆட்டும்போது குழவி ஒரே இடத்தில் நின்று சுழல்வதில்லை. அது குழியின் சுவரைத் தழுவி உருள்கிறது. கட்டியான பருப்பு இடறினால் சற்றே எழுந்து தாண்டுகிறது. அந்நெளிவு சுளிவை மனிதக் கை அறியும். விறைப்பான இரும்புத் தண்டு அறியாது.

விடை எளியது, ஆயினும் அழகியது. அசையாதிருந்த கல்லைச் சுழலவிட்டு, சுழன்றுகொண்டிருந்த குழவியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தினர். பாத்திரம் சுழல, அதன் சுவரில் சாய்ந்திருக்கும் குழவி உராய்வினால் தானே உருளும். தன் எடையாலேயே அது மாவை நசுக்கும். கட்டி வந்தால் சற்று விலகிக் கொடுக்கும். மாவைத் தள்ளிய மறு கையின் வேலையை அசையாத தகடு ஒன்று ஏற்றுக்கொண்டது. குயவரின் சக்கரத்தில் மண் சுழலக் கை நிற்பதையும், கடைசல் பொறியில் பொருள் சுழல உளி நிற்பதையும் இதனோடு ஒப்பிட்டுக் காணலாம்.

வேகத்தைக் குறைத்ததும் குறிப்பிடத்தக்கது. இத்தகைய மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,440 முறை சுழல்வது. சிறு சக்கரத்திலிருந்து பெருஞ்சக்கரத்திற்கு வார்ப்பட்டையைப் பூட்டி அவ்வேகத்தைப் பன்மடங்கு குறைக்கின்றனர். வேகம் குறையுமளவிற்குத் திருப்பு விசை மிகும், மாவும் சூடேறாது. சூடேறாத உளுந்து மாவு காற்றை வாங்கிப் பொங்குகிறது. அதன் பசைத்தன்மை புளிக்கையில் எழும் வளியைப் பிடித்து வைக்கிறது. இட்டலியின் மென்மைக்கு மூலம் இதுவே.

கல்லும் கத்தியும்

1960-களில் மும்பையில் மற்றொரு முயற்சி நிகழ்ந்தது. தம் மனைவியார் பயன்படுத்திய வெளிநாட்டு மிக்சியின் மோட்டார் எரிந்துபோக, எஸ். பி. மாத்தூர் என்னும் பொறியாளர் இந்திய அடுக்களைக்கு ஈடுகொடுக்கும் மிக்சியை வடிவமைத்தார். ‘சுமீத்’ என்னும் பெயரில் அது நாடெங்கும் பரவியது. பழச்சாற்றிற்கென ஆக்கப்பட்ட மேனாட்டுக் கருவி, மஞ்சளையும் கொப்பரையையும் தாங்கவில்லை என்பதே அம்முயற்சி உணர்த்தும் உண்மை. சட்டினிக்கும் பொடிக்கும் மிக்சி அம்மியின் இடத்தைப் பெற்றது. எனினும், விரைந்து சுழலும் கத்தி மாவைச் சூடாக்குவதால் ஆட்டுக்கல்லின் இடத்தை அதனால் முழுமையாகப் பெற இயலவில்லை. ஆகவே இரண்டும் இன்றும் அருகருகே வாழ்கின்றன.

அயலூரில் ஒரு குறிப்பு

வடபுலத்தில் வாழும் நமக்கு இயந்திரம் மட்டும் போதாது. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்திலேயே குடியிருப்பவை. வெதுவெதுப்பு இருந்தால் மட்டுமே அவை பெருகும். தில்லியின் தை மாத இரவுகளில் மாவு பொங்காமைக்கு இயந்திரத்தைக் குறைகூறுதல் தகாது. வெந்நீர் சிறிது கலந்து, கம்பளி சுற்றி வைத்தல் பலன் தரும். இயந்திரம் சுழலாமல் முனகி நின்றால், பெரும்பாலும் மோட்டாரின் கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கும். மோட்டார் ஓடியும் கல் தயங்கினால், வார்ப்பட்டை தளர்ந்திருக்கும். இவ்விரண்டும் சிறு செலவில் மாற்றத்தக்கவை. ஈரக் கையோடு பழகும் கருவியாதலால், நில இணைப்புள்ள மூன்று முனைச் செருகியையே பயன்படுத்துதல் வேண்டும். கழுவுமுன் அதனைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

எழுதப்படாத ஏடு

‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு, மின்விசிறி, மிக்சியுடன் கிரைண்டரையும் குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒருகாலத்தில் உணவு விடுதிகளுக்கும் வசதியுடையோர்க்கும் உரியதாயிருந்த பொருள் குடிசைக்கும் சென்றது. நடுவே, வீட்டில் ஒரு கிரைண்டரை வைத்துக்கொண்டு தெருவாருக்கெல்லாம் கூலிக்கு மாவரைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்தம் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. இயந்திரம் செய்தவரை வரலாறு ஓரளவு குறித்து வைத்துள்ளது. நல்ல மாவு எத்தகையது என்பதை விரல் நுனியால் அறிந்திருந்தவரை அது குறிக்கவில்லை. அவ்வறிவு அளவுகோலாக நின்றிராவிடில், பட்டறையில் பிறந்த கருவி சரியானதா அன்றா என்று எவர் தீர்ப்புக் கூறியிருக்க முடியும்?

பழைய ஆட்டுக்கல்லை எண்ணி ஏங்குவோர் உளர். அவ்வேக்கம் ஆட்டியவரிடத்தைக் காட்டிலும் உண்டவரிடத்தே மிகுதி என்பது என் எண்ணம். கல்லை விடாமல் உழைப்பை மட்டும் விலக்கியதே கோவைப் பட்டறையாளர் செய்த நற்பணி. நம் இல்லத்துக் கிரைண்டர் அடுத்த முறை பழுதுபட்டால், பழுது பார்ப்பவர் அதைப் பிரிக்கும்போது பிள்ளைகளை அருகே அமர்த்திக் காட்டுங்கள். பாட்டி எப்படி ஆட்டினாள் என்பதையும் உடன் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அப்பொருளின் வரலாறு முழுமை பெறும்.