தேயிலை நொதிகள்

தேயிலைச் செடியின் வளர்ச்சியையும் தற்காப்பையும் இயக்கும் புரதங்கள். தேநீரின் நிறமும் மணமும் இவற்றால் அமைபவை. தலையானது, செம்பு அடங்கிய பாலிபீனால் ஆக்சிடேஸ். கேட்டகின்கள் என்னும் பாலிபீனால்கள் செல்லின் நுண்குமிழியிலும் இந்நொதி பசுங்கணிகத்திலும் பிரிந்திருக்கின்றன. பூச்சி கடித்தாலோ உருளையில் இலை கசங்கினாலோ இரண்டும் சேர்ந்து, பச்சை இலை செந்நிறம் கொள்கிறது. முற்றிய இலையைவிடக் கொழுந்தில் இவ்வினை விரைவு.

நீலகிரியில் 1830களில் கேத்தி சோதனைப் பண்ணையில் தேயிலை நடப்பட்டது. இலையைக் கசக்கிப் பதப்படுத்தும் முறையைச் சீனக் கைதிகள் கற்பித்தனர் என்று தோட்டங்களில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு.

நிறமாற்றத்துக்குக் காரணம் நுண்ணுயிரா, இலையின் சொந்த நொதியா என்ற கேள்வியை 1901 முதல் அசாம் தேயிலையில் வேதியியலாளர் ஹரோல்ட் மான் ஆராய்ந்து, நொதியையே சுட்டினார். அது எந்த நொதி என்பதில் 1930, 40களில் நீண்ட விவாதம் நடந்தது. அசாமின் டோக்லாய் ஆய்வு நிலையத்தில் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் முதலில் பெராக்சிடேஸையும் பின்னர் சைட்டோகுரோம் ஆக்சிடேஸையும் முன்மொழிந்தார். இலங்கை, தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் ஆய்வு நிலையத்தில் எச். பி. ஸ்ரீரங்காச்சார், செம்பு கொண்ட ஆக்சிடேஸே அது என 1943-இல் நிறுவினார். செம்பு குன்றிய செடியின் இலை எவ்வளவு கசக்கினாலும் சரிவரச் சிவப்பதில்லை என்பது பிற்காலத்தில் இம்முடிவுக்கு வலுச் சேர்த்த அழகிய சான்று.

தென்னிந்தியாவிலும் தேயிலை ஆய்வு நடந்தது: அங்குள்ள தோட்ட அதிபர் சங்கமான உபாசி, 1926-இல் கூடலூர் அருகே தேவர்சோலையில் தேயிலை ஆய்வு நிலையம் தொடங்கியது. பின்னர் அது வால்பாறைக்கு மாறியது.

தேயிலையில் பூஞ்சையால் வரும் கொப்புள நோய் 1946-இல் தென்னிந்தியாவை எட்டியது. மழைமூட்டக் காலத்தில் இளந்தளிரைப் பற்றும் இப்பூஞ்சைக்கு எதிராக இலையில் கைட்டினேஸ், குளுக்கனேஸ், பெராக்சிடேஸ் ஆகியவை பெருகுகின்றன. இப்பெருக்கம் நோய்த் தடுப்பின் காரணமா, விளைவா என்பதில் கருத்தொருமை இல்லை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும். குளிர்ந்த இலைமேல் காலை வெயில் சுள்ளென்று படும்போதே கருகல் மிகுகிறது. அப்போது உருவாகும் கேடான ஆக்சிஜன் வடிவங்களைச் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸும் கேட்டலேஸும் தணிக்கின்றன. பனிக்காலத் தேயிலையின் தனி மணத்துக்கு, சர்க்கரையோடு பிணைந்த மணப்பொருள்களை விடுவிக்கும் பிரைமெவெரோசிடேஸ் ஒரு காரணம் எனப்படுகிறது. மெதுவான வளர்ச்சியே காரணம் என்போரும் உளர்.

இந்நொதிகளை ஆக்கும் மரபணுக்கள் அடங்கிய தேயிலையின் மரபணுத் தொகுதி 2017-இல் வெளியானது.