ஸ்டான்லி மாணவரின் மூளை ஆய்வு

பிரிட்டனில் மருத்துவ மாணவர் படிப்பை ஓராண்டு நிறுத்திவைத்து, நரம்பியலில் தனியாக ஒரு பிஎஸ்சி இடைப்பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பலாம். சென்னை எம்பிபிஎஸ்ஸில் அந்த இடைவெளி கிடையாது. மூளையில் நாட்டம் கொண்டவர்களுக்கு அன்று வார்டுதான் வாசல்: வேலூரில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை பொது மருத்துவமனையில் 1950-இல் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைத் துறைகளைத் தொடங்கியிருந்தனர்.

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர் வி. எஸ். ராமச்சந்திரன் பிடித்தது வேறு வழி. இரு கண்களுக்கும் வெவ்வேறு நிற வடிகட்டி. எதிரே வெறும் புள்ளிகளால் ஆன இரட்டைப் படம். நிறங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின, ஆழம் மட்டும் குலையாமல் தெரிந்தது. இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை 1972-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இடைப்பட்டம் எதுவும் அதற்கு ஈடாகாது. எம்பிபிஎஸ் முடித்தபின் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார்.