நாற்காலியைப் பார்த்துக்கிட்டவர்

போன வருஷம் ஆறு மாசம், மகப்பேறு விடுப்பில் போயிருந்த ஒருத்தரோட இடத்தில் வேலை பார்த்தேன். வேலை என்னுது, ஆனா கேபின் கதவில் அவங்க பேரு. நான் சொதப்பினா என் பேர் கெடும், நல்லா செஞ்சா? அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கல. கிடைச்ச ஒரு கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

இடம் அமெரிக்கா. விளையாட்டு, கல்லூரி ஃபுட்பால். நம்ம கால்பந்து இல்லீங்க, ஹெல்மெட் போட்டுக்கிட்டு மோதுற அந்த ஆட்டம். அங்கே கோச் வேலைங்கிறது பெரிய பதவி. 1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கினதும் மாணவர்கள் மட்டுமில்ல, கோச்சுகளும் கிளம்பினாங்க. டியூக் பல்கலைக்கழகத்தின் வாலஸ் வேட், 49 வயசில் ராணுவத்தில் சேர்ந்து பீரங்கிப் படையோடு ஐரோப்பா போனார். கூடைப்பந்து கோச்சா இருந்த எடி கேமரன் அவர் வேலையை ஏத்துக்கிட்டார். 1946-ல் வேட் திரும்பி வந்தார், தன் வேலையை வாங்கிக்கிட்டார். கணக்கு நேர்.

ஆனா எல்லா இடத்திலும் அப்படி நடக்கல. கடற்படை, ஃபுட்பால் ஆடினா விமானிகளுக்கு உடலும் மனசும் உறுதியாகும்னு நம்புச்சு. அதனால பேர்பெற்ற கோச்சுகளை அதிகாரிகளாக்கி, பயிற்சித் தளங்களில் அணிகளையே உருவாக்குச்சு. கல்லூரிகளில் வி-12 திட்டத்தில் படிச்ச கடற்படை மாணவர்கள் கல்லூரி அணியில் ஆடலாம். தரைப்படையோ தன் பயிற்சி மாணவர்களுக்கு அந்த அனுமதியைத் தரல. ஆக, உங்க கல்லூரிக்கு எந்தப் படை வந்துச்சுங்கிறதைப் பொறுத்தே உங்க அணியின் தலையெழுத்து. பசிபிக் கல்லூரிக்கு வந்தது கடற்படை. அந்த பலத்தில் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் 1943-ல் ஆண்டின் சிறந்த கோச் ஆனார். அப்போ அவருக்கு வயசு 81. பத்து வருஷத்துக்கு முன்னாடி, வயசாயிடுச்சுன்னு சிகாகோ பல்கலைக்கழகம் அனுப்பிவிட்ட மனுஷன்!

இப்போ நம்ம கதாநாயகனுக்கு வருவோம். ஒஹாயோ ஸ்டேட் அணியை 1942-ல் தேசிய சாம்பியன் ஆக்கின பால் பிரவுன், 1944-ல் கடற்படைக்குப் போனார். அவருக்குப் பதிலா வந்தவர், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவருக்கு உதவியாளரா இருந்த கரோல் விட்டோஸ். பிரவுன் திரும்பி வருவார்ங்கிறதுதான் எல்லாரோட எதிர்பார்ப்பு. கையில் இருந்ததோ பெரும்பாலும் முதலாமாண்டுப் பசங்க.

அந்தப் பசங்களை வெச்சு அவர் அந்த சீசனின் 9 ஆட்டத்தையும் ஜெயிச்சார். அதில் ஒண்ணு, கிரேட் லேக்ஸ் கடற்படைத் தளத்துக்கு எதிரா 26-6. அந்த அணியின் கோச் யார் தெரியுமா? அதே பால் பிரவுன்! அந்த வருஷத்தின் சிறந்த கோச் விருதும் விட்டோஸுக்கே.

பாதுகையை வெச்சு ஆண்ட பரதனுக்காவது பதினாலு வருஷம்னு ஒரு கெடு இருந்துச்சு. இங்கே ராமர் திரும்பி வரவே இல்ல. பிரவுன், கிளீவ்லண்டில் புதுசா உருவான தொழில்முறை அணிக்குப் போயிட்டார். அப்போ நாற்காலி விட்டோஸுக்கே சொந்தம், இல்லையா? 1945-லும் 7 வெற்றி, 2 தோல்வி. அந்த சீசன் முடிஞ்சதும் அவர் நிர்வாகத்துகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: என்னை மறுபடி உதவி கோச்சாக்குங்க. உதவியாளரா இருந்த பால் பிக்ஸ்லர் தலைமைக்கு வர, இவர் கீழே இறங்கிக்கிட்டார்.

முதல்ல படிச்சப்போ, 'என்னய்யா இது, பிழைக்கத் தெரியாத ஆளு'ன்னுதான் நினைச்சேன். அப்புறம் யோசிச்சா, 16 வெற்றியும் அவருடையதுதானே? யாரோட இடத்தில் உட்கார்ந்து ஜெயிச்சாலும் அது ஏட்டில் அவர் பேரில்தான் இருக்கு. 1949-ல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் அவர் மறுபடி தலைமை கோச் ஆனார். இந்த முறை யாருடைய நாற்காலியையும் பார்த்துக்கிறதுக்காக இல்ல.

என் கதையா? விடுப்பு முடிஞ்சு அவங்க வந்தாங்க, நான் பழைய டேபிளுக்குத் திரும்பிட்டேன். அந்த ஆறு மாசத்தை மட்டும் ரெஸ்யூமேவில் தனி வரியா சேர்த்திருக்கேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.