சிறு கல்லின் உறுத்தல்: மனச்சாட்சியும் எண்ணச் சுழற்சி நோயும்

இலண்டன் மிஷன் 1830-இல் கோயம்புத்தூரில் ஊழியம் தொடங்கியது. அம்மரபில் வளர்ந்த நம் முன்னோர் விரும்பி வாசித்த நூல்களுள் ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணம் ஒன்று. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தின் வழியாகவும் அக்கதை தமிழ்க் கிறிஸ்தவர் உள்ளத்தில் ஊன்றியது. பயணியின் முதுகிலுள்ள சுமை பாவமே என்று பிரசங்கித்து வந்தோம், அது சரியே. ஆனால் பன்யன் 1666-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் வேறொரு சுமையும் காணப்படுகிறது. இறந்தோருக்கு நோய்ப்பெயர் சூட்டுவதில் எச்சரிக்கை வேண்டும். எனினும் இன்றைய மருத்துவர் எண்ணச் சுழற்சி நோய், சுருக்கமாக ஓ.சி.டி., என அழைப்பதை அப்பக்கங்களில் காணாதிருப்பது அரிது.

பன்யன் இளமையில் ஆலய மணி அடிப்பதில் பிரியமுடையவர். அது வீண் வேடிக்கையென மனம் குத்தவே விட்டுவிட்டார். ஆயினும் பிறர் அடிப்பதைப் பார்க்கப் போவார். மணி தலைமேல் விழுந்தால்? உத்திரத்தின் கீழ் ஒதுங்கினார். மணி சுவரில் மோதித் தெறித்தால்? கோபுர வாயிலுக்கு நகர்ந்தார். கோபுரமே சாய்ந்தால்? ஓடியே போனார். பின்னர் இதனினும் கொடிய எண்ணமொன்று பற்றிக்கொண்டது. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் தூண்டுதல், உண்ணும்போதும் கழி வெட்டும்போதும் ஓயாமல் எழுந்தது. மாட்டேன், மாட்டேன் என்பார். கையாலும் முழங்கையாலும் அதைத் தள்ளுவார். ஒருநாள் களைத்துப்போய், அவர் விரும்பினால் போகட்டும் என்று தம் உள்ளம் இசைந்ததாகத் தோன்றிற்று. அதன்பின், சேஷ்டபுத்திரபாகத்தை விற்ற ஏசாவைப் போலத் தாமும் மன்னிப்பை இழந்ததாக நெடுங்காலம் வாடினார். கிறிஸ்துவை நேசித்தவருக்கே இவ்வெண்ணம் வந்தது. ஒருவர் எதனை மிகவும் போற்றுகிறாரோ, அதனையே இந்நோய் தாக்கும்.

லூத்தர் 1505-இல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்தபின் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார். ஏதோ விடுபட்டதென மீண்டும் வருவார். சலித்துப்போன ஸ்டௌபிட்ஸ், அற்பங்களை விட்டு மெய்யான பாவம் இருந்தால் கொண்டுவரும்படி கூறினார். 1522-இல் மன்ரேசாவில் இக்னேஷியஸ் லொயோலாவுக்கும் இதே வேதனை. மிகத் தெளிவான பழம் பாவங்களை மட்டும் அறிக்கையிடுமாறு அவருடைய குரு சொன்னார். அவருக்கோ எல்லாமே தெளிவாய்த் தோன்றின! சீர்திருத்தத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்ற இருவரையும் ஒரே கல் உறுத்தியது. இவ்வுறுத்தலுக்கு இலத்தீனில் வழங்கிய பெயரின் பொருளும் கூரிய சிறு கல் என்பதே.

நார்விச் பேராயர் ஜான் மூர், அரசி மேரியின் முன் நிகழ்த்தி 1692-இல் அச்சிட்ட பிரசங்கத்தில், ஆராதனை வேளையில் தூஷண எண்ணங்களால் அலைக்கழிக்கப்படுவோரை நல்லோர் என்றே கருதினார். போராடப் போராட அவ்வெண்ணம் பலக்கும், ஆகையால் மல்லுக்கு நில்லாமல் தம் வேலையைத் தொடர்க என்பது அவர் ஆலோசனை. 1877-இல் ஜெர்மானிய மருத்துவர் வெஸ்ட்பால் இந்நோயின் இலக்கணத்தை வரையறுத்தார். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர், அஞ்சுவதை எதிர்கொள்ளச் செய்து, வழக்கமான சடங்கைச் செய்யாதிருக்கப் பழக்கும் சிகிச்சையை வெளியிட்டார். மருந்துகளும் உண்டு.

நம் ஊர்களில் இது நற்பெயரோடு உலவுகிறது. தோல் வெடிக்குமளவு கைகழுவும் அம்மையாரைச் சுத்தக்காரி என்று மெச்சுகிறோம். தறிக்கூடத்தின் பூட்டை இழுத்துப் பார்க்க நடுவழியிலிருந்து மும்முறை திரும்புகிறவரைப் பொறுப்பானவர் என்கிறோம். ஜெபத்தில் ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து தொடங்கும் மாணவன் பக்திமான். பூட்டை மறுபடி பார்ப்பது எவர்க்கும் உண்டு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் கழிந்தால், வேலையும் உறவும் கெட்டால், செய்பவரே வெறுத்தும் நிறுத்த முடியாதிருந்தால், அது நோயின் அடையாளம். நூற்றில் ஏறத்தாழ இருவருக்கு வாழ்நாளில் இது நேர்வதாகக் கணிக்கின்றனர். இருநூறு பேர் கூடும் சபையில் நால்வர்.

நாமே தவறியதுண்டு. பஞ்சாலையில் வேலை செய்த வாலிபர் ஒருவர், பரிசுத்த ஆவிக்கு விரோதமாகத் தூஷணம் சொல்லிவிட்டதாக அஞ்சி வாரந்தோறும், பின்பு நாள்தோறும் வந்தார். 'ஒன்னு விட்டுப்போச்சுங்க ஐயா' என்பார். வசனம் காட்டி, மன்னிப்பின் நிச்சயத்தைச் சொல்லி அனுப்புவோம். அரைநாள் நிம்மதி, மறுபடியும் கதவைத் தட்டுவார். நாம் கூறிய ஆறுதலே அவருக்குக் கைகழுவும் நீராயிற்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம். உபவாசத்தைக் கூட்டச் சொன்னது இன்னும் பெரிய பிழை. மருத்துவரிடம் அனுப்புவது விசுவாசக் குறைவாகுமோ எனத் தயங்கியதில் இரண்டு ஆண்டுகள் வீணாயின. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் டெலி மனஸ் ஆலோசனையும் இலவசமாய்க் கிடைக்கிறது.

அவ்வாலிபர் சிகிச்சை பெற்றார். மருத்துவர் நம்மிடம் வேண்டியது ஒன்றே: மன்னிப்பு உண்டா என்று அவர் மறுபடி கேட்கையில் விடை கூறலாகாது. இப்போதும் கேட்பதுண்டு. தேநீர் கொண்டுவரச் சொல்லி, ஆலையைப் பற்றிப் பேசுகிறோம்.