வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றத் தேர்தல், 2022

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றத்துக்கு 2022 மே 5 அன்று நடந்த தேர்தல். நாடாளுமன்றமும் பக்கிங்ஹாம் அரண்மனையும் உள்ள இப்பகுதியை, மன்றத்தின் முதல் தேர்தல் நடந்த 1964 தொட்டு கன்சர்வேட்டிவ் கட்சியே கையில் வைத்திருந்தது. 1980களில் ஷெர்லி போர்ட்டர் தலைமையில், இழுபறி வார்டுகளில் மன்றத்தின் வீடுகளை விற்று வாக்காளர்களையே மாற்றியமைக்க முயன்ற ஊழல்கூட அந்தப் பிடியைத் தளர்த்தவில்லை. எல்லை மறுவரையறையால் இடங்கள் 60-லிருந்து 54 ஆகக் குறைந்த இத்தேர்தலில் லேபர் கட்சி 31, கன்சர்வேட்டிவ் 23 இடங்களை வென்றன. முந்தைய ஆண்டு மார்பிள் ஆர்ச் அருகே மன்றம் சுமார் 60 லட்சம் பவுண்டில் எழுப்பிய செயற்கைக் குன்று ஊர் சிரிக்கும் கதையாகியிருந்தது; போரிஸ் ஜான்சனின் கன்சர்வேட்டிவ் அரசின் மீதான வெறுப்பும் சேர்ந்துகொண்டது. தோல்விக்கு இவ்விரண்டில் எது பெரிய காரணம் என்று பிரிப்பது கடினம். லேபரின் ஆடம் ஹக் மன்றத் தலைவரானார். கன்சர்வேட்டிவ் வசமிருந்த வான்ட்ஸ்வொர்த், பார்னெட் மன்றங்களும் அதே நாள் நடந்த தேர்தல்களில் லேபர் கைக்கு மாறின.